ஆம்ப்ளிஃபயர் கோளாறு: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு நண்பர்களும் உறவினர்களும் பல ஆண்டுகளாகத் தங்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றுள் பல பெட்டிகளை நான் திறந்ததே இல்லை, ஏனெனில் பழுது பெட்டிக்குள் இருக்கவில்லை. ஒயரிலோ, ஸ்பீக்கரிலோ, சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலோ, டிவியின் அமைப்புகளிலோ இருந்தது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் அறிகுறியைக் கொண்டு பழுது இருக்கும் இடத்தை எப்படி நெருங்குவது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அதற்குப் பெட்டியின் உள்ளமைப்பை ஓரளவு தெரிந்துகொள்வது அவசியம். ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கருவிகள். முதலாவது முன்நிலைப் பகுதி. எந்த உள்ளீடு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர், வால்யூம், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் ஆகியவை அதில் அடங்கும். இரண்டாவது ஸ்பீக்கரை ஓட்டும் திறன் பகுதி. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள், சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கில் பொருத்திய வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஆகியவை அதில் இருக்கும். கடைசியில், ஸ்பீக்கர் முனைகளுக்கு முன்னால், பாதுகாப்பு ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் காவல் நிற்கும். இன்றைய பெட்டிகளில் இவற்றோடு டிஜிட்டல் சைகையை (சிக்னலை) ஒலிச் சைகையாக மாற்றும் டேக், புளூடூத், எச்டிஎம்ஐ, இசைத்தட்டு இயக்கிக்கான ஃபோனோ நிலை, இவை எல்லாவற்றையும் மேய்க்கும் ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு ஆகியவையும் சேர்ந்துவிட்டன.

ஒலி இந்த வரிசையில்தான் பயணம் செய்கிறது என்பதால் எந்தக் கோளாறு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். வால்யூமைத் திருப்பினால் அந்தக் கோளாறு கூடிக் குறைகிறதா? உள்ளீட்டை மாற்றினால் மறைகிறதா? இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகினால் கோளாறும் பக்கம் மாறுகிறதா? வால்யூமோடு மாறுவது வால்யூமுக்கு முன்னால் பிறப்பது; மாறாதது அதற்குப் பின்னால் பிறப்பது. ஓர் உள்ளீட்டில் மட்டும் வருவது அந்த உள்ளீட்டுக்கோ அதில் செருகியுள்ள கருவிக்கோ உரியது. கீழே வரும் எல்லாமே இந்த மூன்று கேள்விகளின் விரிவுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமல் போய்விடும்.

ஒயரைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே செய்ய வேண்டும். மூடியைத் திறக்கும் பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் 40, 50 வோல்ட் மின்னழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கத்தில் 230 வோல்ட் இருக்கிறது. அது யாரையும் மன்னிக்காது.

பெட்டிக்கு உயிரே வரவில்லை

முதலில் அதே பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். பிறகு பெட்டியின் பின்புறத்தில் தனியாக ஒரு மெயின் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கப் பொத்தானும் ரிமோட்டும் இந்தச் சுவிட்ச் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். வீடு பெருக்கும்போது கை பட்டு அணைந்துபோன சுவிட்சை நான் பல வீடுகளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். சில பெட்டிகளில் மின்கம்பி செருகும் இடத்திலேயே ஒரு சிறு இழுப்பறைபோல அது இருக்கும். கண்ணாடிக் குழாயின் உள்ளே கம்பி மட்டும் அறுந்து குழாய் தெளிவாக இருந்தால், வயதாலோ ஒரு கணநேர மின்னோட்ட எழுச்சியாலோ போயிருக்கலாம். அதே அளவுள்ள, மெதுவாக உருகும் வகை ஃபியூஸை ஒரு முறை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. குழாயின் உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் உள்ளே பெரிய ஷார்ட் ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது இன்னொரு ஃபியூஸைப் போடுவது இன்னொன்றை எரிப்பதற்கே உதவும். பெரிய அளவு ஃபியூஸையோ செப்புக் கம்பியையோ வைத்துக் கட்டுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. அதன்பின் எரிவது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த பெட்டி என்றால் பின்புறத்தில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தைப் படித்த பிறகே செருகுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. பிளக்கை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. தகுந்த வாட் அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

சிவப்பு விளக்கு மங்கலாகத் துடிக்கிறது, ரிமோட்டுக்குப் பெட்டி எழவில்லை என்றால் பெரும்பாலும் காத்திருப்பு நிலைக்கான சிறிய மின்வழங்கிதான் காரணம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பாட்டுக் கேட்கும்போது மட்டுமே உழைக்கிறது. இந்தச் சிறிய மின்வழங்கியோ இரவு பகலாக உழைக்கிறது, ஆகவே அதன் கெப்பாசிட்டர்கள்தான் முதலில் வறண்டுபோகின்றன. வேலூர்க் கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில், கேட்டு முடித்ததும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுமாறு நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ஊருக்கு உரியது. காற்றுத் துளைகளின் வழியே பல்லி உள்ளே நுழைந்து மெயின்ஸ் பகுதியில் குறுக்கே கிடந்து கருகியிருக்கும். எறும்புகள் ரிலேக்களுக்கு உள்ளேயே புகுந்து தொடுமுனைகளுக்கு இடையில் நசுங்கிக் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். அதற்காகத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள், பெட்டி வெந்துவிடும். மேடையைச் சுத்தமாக வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே தூசி எடுக்கச் செய்வதே நல்லது.

எழுகிறது, ‘டிக்’ என்ற ஓசையோடு அணைந்துவிடுகிறது

நல்ல நிலையில் உள்ள பெட்டி சுவிட்ச் போட்டதும் சில நொடிகள் காத்திருந்து, பிறகு ஒரு ‘டிக்’ ஓசையுடன் ரிலேயை மூடி ஸ்பீக்கரை இணைக்கும். அந்தச் சில நொடிகளில் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் (டிசி) தென்பட்டாலும், மின்னோட்டம் வரம்பை மீறினாலும், ஹீட் சிங்க் அளவுக்கு மேல் சூடேறினாலும் ரிலே மூடாது, அல்லது மூடியது திறந்துகொள்ளும். பலர் இதைப் பழுது என்று நினைத்து ரிலேயின் மேல் கோபம் கொள்கிறார்கள். அது பழுது அல்ல, பழுதைப் பற்றிய செய்தி. ரிலேயைத் தவிர்த்து ஸ்பீக்கரை நேரடியாக இணைத்துவிட்டால் அடுத்து எரிவது ஸ்பீக்கரின் சுருள்தான். பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான வோஃபருக்கு நேர்மின்சாரம் பாய்ந்தால் சில நொடிகளே போதும்.

செய்ய வேண்டிய சோதனை எளியது. அணைத்துவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் பின்புறத்திலிருந்து கழற்றுங்கள். உள்ளீட்டு ஒயர்களையும் கழற்றுங்கள். இப்போது சுவிட்சைப் போட்டால் ரிலே மூடி நிலைத்து நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் குற்றம் வெளியில் இருக்கிறது. ஸ்பீக்கர் முனையில் ஒயரின் ஒரே ஓர் இழை தப்பிப் பக்கத்து முனையையோ பெட்டியின் தகட்டையோ தொட்டுக்கொண்டிருந்தாலே இது நடக்கும். அதன்பின் ஒவ்வொரு ஸ்பீக்கராக மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது 3.5 காட்டும். ஒன்றுக்கும் கீழே காட்டினால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட்.

எதையும் செருகாத நிலையிலும் அணைந்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உங்கள் வேலை முடிந்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் சத்தத்தைக் கூட்டும்போது மட்டும், அணைகிறது என்றால் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கோ வீட்டு விசேஷத்துக்கோ மாடியில் இன்னொரு ஜோடியை மாட்டி, ஏ, பி இரண்டு பொத்தான்களையும் அழுத்திவைத்திருப்பார்கள். இணையாக இணைத்த இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் 4 ஓம் ஆகின்றன. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் 2 ஓம் ஆகின்றன. பெரும்பாலான ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர்கள் 2 ஓமைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. பின்புறத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகிலேயே குறைந்தபட்ச ஓம் அளவை அச்சிட்டிருப்பார்கள்.

எந்த ஓசையும் இல்லாமல், மெதுவான சத்தத்தில் கேட்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை தூங்கிவிடும் பெட்டிக்கு நோய் எதுவும் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தானியங்கிக் காத்திருப்பு அமைப்பு, சைகை மிகவும் மெலிதாக இருப்பதால் பாட்டு நின்றுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

விளக்கெல்லாம் எரிகிறது, ஒலி மட்டும் இல்லை

மியூட், ஹெட்ஃபோன் செருகியிருத்தல், ஏ, பி பொத்தான்கள் இரண்டும் வெளியே இருத்தல், தவறான உள்ளீடு ஆகிய நான்கையும் முதலில் கடந்துவிடுங்கள். பின்புறத்தில் முன்நிலை வெளியீட்டையும் திறன் பகுதியின் உள்ளீட்டையும் இணைக்கும் ப வடிவ உலோகத் துண்டுகள் சில பெட்டிகளில் இருக்கும். வீடு மாறும்போது அவை தேவையற்றவை என்று கழற்றி எறியப்பட்டிருக்கும். அவை இல்லாவிட்டால் பெட்டியின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பேசாது. அந்த இடத்தில் இரண்டு குட்டையான ஆடியோ ஒயர்களைச் செருகினாலே சரியாகிவிடும்.

டிவியிலிருந்து மட்டும் ஒலி வரவில்லை என்றால் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு பிசிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிவி டால்பி வடிவில் அனுப்பினால் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. அமைதி காக்கும் அல்லது கரகரக்கும். எச்டிஎம்ஐ வழி இணைத்திருந்தால், டிவியில் ஏஆர்சி என்று குறித்துள்ள துளையில்தான் ஒயர் செருகப்பட்டிருக்க வேண்டும். மற்றத் துளைகளின் வழியே ஒலி திரும்பி வராது.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

பேலன்ஸ் நடுவில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, உள்ளீட்டு ஒயர்களின் இடது வலதைப் பெட்டியின் பின்னால் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் ஒயரோ, பாட்டை அனுப்பும் கருவியோ காரணம். மாறவில்லை என்றால் அவற்றைப் பழையபடி வைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். இப்போது ஊமைப் பக்கம் மாறினால் ஆம்ப்ளிஃபயர் காரணம். அப்படியே இருந்தால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ காரணம்.

இதில் ஒரு வகையைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கங்களில் நான் மிகுதியாகக் கண்டது இதுதான். சுவிட்ச் போட்டதும் ஒரு பக்கம் ஒலி இல்லை, அல்லது ஈரத்துணிக்குப் பின்னால் இருந்து வருவதுபோல மங்கலாக இருக்கிறது. சத்தத்தை ஒரு முறை கூட்டினால் திடீரென்று முழு ஒலியும் வந்துவிடுகிறது. பிறகு குறைத்தாலும் நன்றாகவே பாடுகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை. இது பாதுகாப்பு ரிலேயின் தொடுமுனைகளில் படிந்த மெல்லிய படலத்தின் வேலை. சிறிய மின்னழுத்தத்தால் அந்தப் படலத்தைத் தாண்ட முடிவதில்லை. பெரிய மின்னழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. தொடுமுனைகளில் உள்ள வெள்ளி, காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும் இயல்புடையது. இந்தப் பக்கங்களில் நடக்கும் தோலைப் பதப்படுத்தும் வேலையில் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவருகிறது. வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்கும் வீட்டில் ரிலேயும் கறுக்கும் என்று கொள்ளலாம்.

இதற்குச் சரியான மருந்து புதிய ரிலே. உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்ச் சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும். விலை அதிகமில்லாத உறுப்பு இது. ஆனால் சுருளின் மின்னழுத்தமும் தொடுமுனையின் ஆம்பியர் அளவும் பழையதோடு பொருந்த வேண்டும்.

ஹம்

பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று இடைவிடாமல் ஒலிக்கும் ஓசைதான் ஹம். கேட்பவரை அதிகம் களைப்படையச் செய்யும் கோளாறு இது. கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டிய கோளாறும் இதுதான்.

முதலில் ஓசை ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா என்று காதை அருகில் வைத்துக் கேளுங்கள். பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்கள் மெயின்ஸில் சிறிதளவு நேர்மின்னழுத்தம் கலந்தாலும் உறுமும். வீட்டில் யாராவது தலைமுடி உலர்த்தியைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது மட்டும் உறுமுகிறது என்றால் காரணம் அதுவே. அந்தப் பாதி வேகம் மின்னலையின் ஒரு பாதியை மட்டும் இழுப்பதால் கிடைப்பது. பெட்டிக்கு இதனால் தீங்கு இல்லை.

ஸ்பீக்கரில் வந்தால் வால்யூமைத் திருப்புங்கள். முழுவதும் குறைத்தும் மாறாமல் நிற்கும் ஹம், எல்லா உள்ளீட்டு ஒயர்களையும் கழற்றிய பிறகும் தொடர்ந்தால், திறன் பகுதியின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கலாம். அப்போது வரும் ஓசை மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸ் அல்ல, அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். தம்பூரா சுருதிபோல ஆழமாக ஒலிக்காமல் கொஞ்சம் கரடுமுரடாக ‘ர்ர்ர்’ என்று ஒலிக்கும். பழைய பெட்டிகளில் இது இயல்பாக வருவது. கெப்பாசிட்டர்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒயர்களைக் கழற்றியதும் ஹம் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எந்த ஒயரில் ஹம் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எங்கள் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸாகவே இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் கேபிளின் வெளிப்பின்னல் எங்கோ ஓரிடத்தில் மண்ணைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபயரோ வீட்டின் எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு உங்கள் ஆடியோ ஒயரின் வழியே ஓடி ஹம்மாகக் கேட்கிறது. தொரப்பாடியில் ஒரு நண்பர் இதற்காக இரண்டு முறை பெட்டியைக் கடைக்கு அனுப்பினார். இரண்டு முறையும் எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது, ஏனெனில் கடையில் அந்தக் கேபிள் இல்லை. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் ஆப்டிகல் ஒயரைப் போட்டதும் ஹம் நின்றது. அந்த ஒயரில் ஒளிதான் போகிறது. மின்சாரம் போவதற்கு வழியில்லை.

ஹம்மை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிடும் வழக்கம் உண்டு. ஹம் நிற்கவும் செய்யும். ஆனால் பெட்டிக்குள் என்றாவது மெயின்ஸ் தகட்டைத் தொட்டால் அதைப் பாதுகாப்பாக மண்ணுக்குக் கொண்டுபோக வழியே இருக்காது. வால்யூமைத் திருப்ப வரும் விரல்தான் வழியாகும். இதைச் செய்யாதீர்கள், செய்பவர்களைத் தடுங்கள். அதைவிட, வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்பது மேல். வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை உள்ள பாயிண்ட் இருந்தும் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் எதுவும் வராததைப் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை யூஎஸ்பி ஒயரால் இணைத்திருக்கும்போது மட்டும் கீச்சொலி வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜர்தான் காரணம்.

மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறியதும் இரைச்சல் தொடங்குகிறது என்றால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது சுமை. தூய சைன் அலை இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், மின்சாரம் வரும்வரை பாட்டை நிறுத்தி வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மின்விசிறி ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் மட்டும் வரும் ‘ஜ்ஜ்’ ஒலியும் இதற்கு உறவுதான். மின்னணு ரெகுலேட்டர் மின்னலையை நறுக்கித் தருவதால் பிறப்பது அது. விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

வால்யூம் திருப்பும்போது கரகரப்பு

பழைய வகை வால்யூம் கட்டுப்பாட்டில் கரித்தடத்தின் மேல் ஓர் உலோக விரல் தேய்ந்து நகர்கிறது. அங்கே தூசி சேர்ந்தால் கரகரக்கும். மின் தொடுமுனைகளுக்கென்றே விற்கும் எச்சம் விடாத கிளீனரைச் சிறிதளவு தெளித்து, அணைத்த நிலையில் முப்பது நாற்பது முறை முழுமையாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயைத் தெளித்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும்; பிறகு அதில் தூசி ஒட்டிச் சேறாகிவிடும். சுத்தம் செய்த பிறகும் கரகரப்பு நிற்கவில்லை என்றால், முன்னால் உள்ள கெப்பாசிட்டர் கசிந்து நேர்மின்னழுத்தம் அந்தத் தடத்தின் மேல் ஏறியிருக்கக் கூடும்.

புதிய பெட்டிகளில் குமிழுக்குப் பின்னால் கரித்தடமே இல்லை. குமிழ் எத்தனை படி திரும்பியது என்று எண்ணிச் சொல்லும் ஓர் உறுப்பு மட்டும் இருக்கும். ஒலியைக் குறைப்பது ஒரு ஐசி. அங்கே கரகரப்பு வராது. ஆனால் குமிழைக் கூட்டும் பக்கம் திருப்பினால் குறைகிறது, அல்லது தாவித் தாவி ஏறுகிறது என்ற அறிகுறி வரும். அது அந்த எண்ணும் உறுப்பின் தேய்மானம். ரிமோட்டால் சீராகக் கூடிக் குறைந்தால் இது உறுதி.

ஒலி உடைகிறது, பெட்டி சுடுகிறது

குமிழ் பாதி தூரத்தில்தான் இருக்கிறது, அதற்குள் ஏன் உடைகிறது என்று கேட்பார்கள். குமிழின் இடம் திறனின் அளவு அல்ல. பல ஆம்ப்ளிஃபயர்கள் அரை வோல்ட்டுக்கும் குறைந்த சைகையிலேயே முழுத் திறனைத் தந்துவிடும். சிடி இயக்கியும் டேக்கும் 2 வோல்ட் வரை அனுப்புகின்றன. ஆகவே குமிழ் பாதியை எட்டும் முன்பே பெட்டி தன் எல்லையைத் தொட்டுவிட முடியும். 8 ஓமில் 50 வாட் தருவதற்கு 20 வோல்ட் வேண்டும். அதன் உச்சி ஏறத்தாழ 28 வோல்ட். உள்ளே உள்ள மின்வழங்கியால் அதற்கு மேல் தர முடியாதபோது அலையின் தலை வெட்டப்படுகிறது. அப்போது பிறக்கும் உயர் அதிர்வெண்கள்தான் உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கொல்கின்றன. திறனை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. எனவே உடையத் தொடங்கியதும் குமிழைச் சற்றே பின்னுக்கு இழுப்பதில் இழப்பது மிகக் குறைவு.

மெதுவாகக் கேட்கும்போதும் உடைகிறது என்றால் அது வேறு. ஒரே உள்ளீட்டில் மட்டுமா என்று பாருங்கள். ஃபோனோ என்று எழுதிய துளையில் சிடி இயக்கியையோ செட்டாப் பாக்ஸையோ செருகியிருந்தால் இப்படித்தான் ஒலிக்கும்.

சூட்டைப் பற்றி. கத்திரி வெயிலில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகள் இரவிலும் அனலை விடுகின்றன. பல ஆம்ப்ளிஃபயர்களின் கையேடுகளில் சுற்றுப்புற வெப்பத்தின் மேல்வரம்பு 35 அல்லது 40 டிகிரி என்றே இருக்கும். அதாவது மே மாதப் பிற்பகலில் பெட்டி வேலையைத் தொடங்கும் முன்பே வரம்பில் நிற்கிறது. ஏபி வகுப்புப் பெட்டிகள் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வெளியே விடுபவை. அவற்றைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து, மேலே பின்னல் துணி விரித்து, அதன் மேல் செட்டாப் பாக்ஸையும் வைக்கும்போது அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. டி வகுப்புப் பெட்டிகள் இந்த வகையில் நம் ஊருக்கு ஏற்றவை. அவை இழுப்பதில் 90 விழுக்காடு வரை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுவதால் கை வைத்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பாட்டே ஓடாதபோதும் ஒரு பக்க ஹீட் சிங்க் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அது வானிலையின் குற்றம் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேஸ் இல்லை, ஒலி நடுவில் நிற்கவில்லை

தவிலின் தொப்பியில் குச்சி விழும் அடியைக் கேளுங்கள். தோலின் சத்தம் கேட்கிறது, அதன் உடல் கேட்கவில்லை. நாகஸ்வரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் பரவிக் கிடக்கிறது என்றால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கின்றன. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்து, இரண்டும் சேர்ந்து பேஸை அழித்துவிடுகின்றன. நிறம் தெரியாத ஒயராக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். வோஃபரின் கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் நேர்முனை தொட்ட ஒயர்தான் சிவப்பு முனைக்கு உரியது.

இசைத்தட்டு இயக்கி

ஒலி மிகவும் மெலிந்து, பேஸே இல்லாமல் வந்தால் அதை ஆக்ஸ் எனப்படும் சாதாரண உள்ளீட்டுத் துளையில் செருகியிருக்கிறீர்கள். இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிகிறார்கள். ஆர்ஐஏஏ எனப்படும் அந்த வளைவைத் திருப்பிச் சரிசெய்யும் சுற்று ஃபோனோ துளைக்குப் பின்னால்தான் உண்டு. மாறாக, பெருஞ்சத்தத்தோடு உடைந்து வந்தால் இயக்கியின் உள்ளேயே ஒரு ஃபோனோ நிலை இருந்து, ஒலி இரண்டு முறை பெருக்கப்படுகிறது; இயக்கியின் பின்புறச் சுவிட்சை லைன் நிலையில் வைத்து ஆக்ஸில் செருகுங்கள். எம்சி (மூவிங் காயில்) வகை ஊசித்தலை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் தருகிறது. எம்எம் (மூவிங் மேக்னெட்) தலை தருவது 5 மில்லிவோல்ட் அளவில். எம்சி தலையை எம்எம் நிலையில் வைத்தால் பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும். ஹம் மட்டும் இருந்தால் இயக்கியிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் ஜிஎன்டி திருகில் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால்

புகை, கருகல் நாற்றம், உப்பிய கெப்பாசிட்டர், ஸ்பீக்கர் இல்லாமலும் மூடாத ரிலே, எரிந்து கறுத்த ஃபியூஸ் ஆகியவை வீட்டில் தீர்பவை அல்ல. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒலி போய், பெட்டியைத் தட்டினால் வரும் வகையும் அப்படியே. அது வெப்பத்தில் விரிந்து சுருங்கி விட்டுப்போன டிரை சோல்டர், அதாவது பிடிப்பு இழந்த பற்றவைப்பு. மேலே சொன்ன சோதனைகளில் எதைச் செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு கொடுங்கள். ‘சரியாக வரவில்லை’ என்ற சொல்லைவிட ‘வலது பக்கம், எல்லா உள்ளீட்டிலும், வால்யூமோடு மாறாத ஹம்’ என்ற வரி மெக்கானிக்கின் அரை நாளை மிச்சப்படுத்தும்.

என் சொந்தப் பெட்டியில் ஒருமுறை வலது பக்க வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போயின. ஒரு கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், பாடியது. இரண்டே வாரத்தில் பாட்டே ஓடாதபோதும் வலது ஹீட் சிங்க் கொதித்தது. டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகு, ஓய்வு நிலையில் அவற்றின் வழியே ஓடும் மின்னோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும். பயஸ் எனப்படும் அதை யாரும் தொடவே இல்லை. வெளியீட்டு டிரான்சிஸ்டரோடு இணைந்த 0.22 ஓம் மின்தடையின் இரு முனைகளிலும் 10 மில்லிவோல்ட் இருந்தால் ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். என் பெட்டியில் அது அதைவிடப் பல மடங்கு இருந்தது. சரியான அளவு ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்; பெட்டி நன்றாகச் சூடேறிய பின்னரே அதை அமைக்க வேண்டும்.

ஆகவே வெளியீட்டு டிரான்சிஸ்டர் மாற்றிய பெட்டியைத் திரும்பப் பெறும்போது நான்கைக் கேளுங்கள். பயஸ் அமைக்கப்பட்டதா? ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் எவ்வளவு? 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினார்களா, டிரான்சிஸ்டர்கள் எங்கே வாங்கியவை? 5200, 1943 என்ற எண்களில் முடியும் ஜோடி உட்படப் பெயர்பெற்ற வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்குப் போலிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவை மெதுவான பாட்டைத் தாங்கும், முதல் உரத்த பாட்டில் போய்விடும். உள்ளூரில் நல்ல உறுப்பு கிடைக்காதபோது நான் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ரசீதோடு வாங்கி வந்து மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிடுகிறேன். மாற்றிய பெட்டியை முதல் முறை எழுப்பும்போது, மெயின்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்திருக்கிறாரா என்றும் பார்க்கிறேன். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் டிரான்சிஸ்டர்கள் கருகுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடலாம்.